காட்சிக்கூடமும் கலைச்சொல்லும்

போபாலில் 1982இல் திறக்கப்பெற்ற பாரத் பவனின் ரூபங்கர் கலைக்கூடம், நகர ஓவியர் படைப்புகளையும் பழங்குடியினர் படைப்புகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. இரண்டும் சமகாலக் கலையே என்பது அதனை உருவாக்கிய ஓவியர் ஜெ. சுவாமிநாதனின் கொள்கை. இதனைத் தமிழில் கூறுங்கால் 'பழங்குடிக் கலை' என்னும் தொடர் இடர் தருகிறது. 'பழங்குடி' பண்புத்தொகை, அதன் முன்னுறுப்பு பழமைப் பொருளை ஏற்றிச் சமகாலத்தன்மையை மறுக்கிறது. இந்தி 'ஆதிவாசி'யும் இவ்வகையினதே.

தொடக்கக் காட்சியில் இடம்பெற்ற பர்தான் கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷியாமின் பாணி, பின்னர் 'ஜன்கட் கலம்' எனப்பட்டது. இந்தியில் 'கலம்' என்பது எழுதுகோலையும் ஓவிய மரபையும் குறிக்கும். 'காங்க்ரா கலம்' என்பதில் இடப்பெயர் நிற்குமிடத்தில் இங்கு ஆட்பெயர் நிற்கிறது. இதனைக் 'கோண்டு ஓவியம்' எனப் பெயர்ப்பது படைப்பாளியை இனப்பெயருள் மறைத்துவிடும். ஆட்பெயரைக் காக்கும் 'ஜன்கட் மரபு' என்பதே கூடத்தின் கொள்கைக்கு உகந்த பெயர்ப்பு.