வெண்கூட்டுக்கு வெயில் ஆகாது

இளம்புழு மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு முடிந்த பட்டுப்புழுவை வாங்கி வந்து வளர்ப்பு மனையில் விட்டால், பதினேழு பதினெட்டு நாளில் புழு பழுத்து, கூடு கட்டத் தயாராகிவிடுகிறது. திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரத்தில் மல்பெரி போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். நாள் குறைந்தால் தழையும் கூலியும் மிச்சம். அடுத்த தொகுதிக்கு மனை சீக்கிரம் காலியாகும்.

இந்த வேகம் தானாக வந்ததல்ல. பட்டுப்புழுவுக்கும் மெண்டலின் மரபு விதிகள் பொருந்தும் என்று ஜப்பானிய விஞ்ஞானி தோயாமா 1906இல் காட்டினார். இரண்டு இனங்களைக் கலந்தால் முதல் தலைமுறை பெற்றோரை மிஞ்சும் என்பதை வைத்து ஜப்பானியப் பட்டுத்தொழில் மேலும் வளர்ந்தது. இங்கே 1991இல் தொடங்கிய இந்திய–ஜப்பான் கூட்டுத்திட்டத்தில், மைசூரு பட்டு ஆராய்ச்சி நிலையம் சிஎஸ்ஆர் இனங்களை உருவாக்கியது. பலன் கண்கூடு. பழைய மைசூர் மஞ்சள் கூட்டில் 400 மீட்டர் இழை வந்தாலே பெரிது. சிஎஸ்ஆர்2, சிஎஸ்ஆர்4 கலப்பின வெண்கூட்டில் ஏறக்குறைய 1000 மீட்டர். ஒரு கிலோ பட்டுக்கு மஞ்சள் கூடு பத்துக் கிலோ பிடிக்கும், வெண்கூடு ஆறு கிலோ போதும். இதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. பட்டுச் சுரப்பி பெருப்பது கடைசிப் பருவத்தில்தான். மொத்தத் தழையில் எண்பது சதவீதத்துக்கு மேல் அப்போதுதான் செலவாகும். அந்தப் பருவத்தின் ஏழு நாளைச் சுருக்கினால் கூட்டின் ஓடு மெலியும். ஆகவே சீக்கிரம் பழுப்பதை மட்டும் பார்த்துத் தாய்ப்புழு பொறுக்குவது பட்டையே இழக்கும் வழி.

அதைவிடப் பெரிய குறை வெயில். வெண்கூட்டுப் புழு கேட்பது 24 முதல் 28 டிகிரி. சித்திரையில் நம் பக்கம் 38ஐத் தாண்டுகிறது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தாலும், கடைசிப் பருவத்தில் பிளாச்சரி நோய் புகுந்தால் தட்டோடு அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். தின்ற தழையும் போச்சு, கொடுத்த கூலியும் போச்சு. மைசூர் இனம் நூல் குறைவாகக் கொடுத்தாலும் இந்தச் சூட்டைத் தாங்கும்.

விதை முட்டையைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது என்பதும் ஒரு குறையாகப் பேசப்படுகிறது. எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. கலப்பினத்தின் அடுத்த தலைமுறை சீராக வராது. நாமக்கல் முட்டைக்கோழிக்கும் இதே கதைதான். அதோடு, முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பெப்ரின் நோய் பார்ப்பது வீட்டில் ஆகிற வேலையும் இல்லை.

ஆடி முடிந்து மாசி வரை வெண்கூடு கொள்ளை லாபம். கோடைக்கு மைசூர் தாயும் சிஎஸ்ஆர்2 தந்தையும் சேர்ந்த கலப்பினமோ, சூடு தாங்கவென்றே உருவான சிஎஸ்ஆர்18, சிஎஸ்ஆர்19 கலப்பினமோதான் சரி. கூட்டு விலையிலோ நூலிலோ கொஞ்சம் குறையும்; தொகுதி கைக்கு வரும். சேலத்திலுள்ள பட்டு வளர்ச்சித் துறை, பங்குனிக்கு முன்பே அந்த முட்டைகள் இளம்புழு மையங்களில் கிடைக்க வழி செய்ய வேண்டும்.