நகர்வது ‘இக்கெ’ அல்ல, வினை

நார்வேஜிய மொழியின் புக்மோல் எழுத்து வடிவத்தில் முதன்மையான எதிர்மறைச் சொல் ‘இக்கெ’. தொடக்கநிலைப் பாடங்கள் பலவும் இதற்கு ஒற்றை வரி விதி ஒன்றைத் தருகின்றன: வினைக்குப் பின்னால் இக்கெ போடு. ‘ஹன் கொம்மர்’ என்றால் அவன் வருகிறான். ‘ஹன் கொம்மர் இக்கெ’ என்றால் அவன் வரவில்லை. வினையின் வாலில் ‘இல்லை’ சேர்த்தே பழகிய நமக்கு இது ரொம்ப இயல்பாகத் தெரியும். சிக்கலே அங்கேதான்.

இதைப் பாருங்க: ‘யெய் வேட் அட் ஹன் இக்கெ கொம்மர்’. அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். துணைவாக்கியத்துக்குள் போனதும் இக்கெ வினைக்கு முன்னால் நிற்கிறது. ‘ஹன் ஹார் இக்கெ கொம்மெட்’, அதாவது அவன் வந்திருக்கவில்லை. இங்கே துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் இருக்கிறது. இதற்கெல்லாம் தனித்தனியாக விதிவிலக்கு எழுதுவது பேட்ச் மேல பேட்ச் போடுற மாதிரி.

என் பார்வையில் விதியைத் திருப்பிப் படிக்கணும். இக்கெ தன் இடத்திலேயே இருக்கிறது. வினைதான் அதைத் தாண்டிப் போகிறது. தலைமை வாக்கியத்தில் காலம் காட்டும் வினை இரண்டாம் இடத்துக்கு வந்தாக வேண்டும். அதனால் ‘கொம்மர்’ முன்னே தாவுகிறது, இக்கெ பின்தங்குகிறது. ‘ஹார்’ போன்ற துணைவினை இருந்தால் அது மட்டும் தாவும். துணைவாக்கியத்தில் பொதுவாக அந்தக் கட்டாயம் இல்லை. வினை இருந்த இடத்திலேயே நிற்கிறது. மூன்று விதி ஒன்றாகிவிட்டது, இல்லையா? டேனிஷ் இலக்கண அறிஞர் பால் டிடெரிக்சென் 1946-இல் தன் மொழி வாக்கியத்தை வரிசையான இடங்களாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பார்வைக்கு இது நெருக்கமானது.

‘யெய் சேர் இக்கெ ஊலா’, ஊலாவை நான் பார்க்கவில்லை. ஊலா என்ற பெயருக்குப் பதில் ‘ஹம்’ (அவனை) வந்தால்? ‘யெய் சேர் ஹம் இக்கெ’. அழுத்தமில்லாத அந்தச் சின்னச் சொல்லும் வினையின் பின்னாலேயே இக்கெயைத் தாண்டிவிடுகிறது. இங்கும் நகர்ந்தது இக்கெ இல்லை.

முழுசா ஓட்டையில்லாத விதின்னு சொல்ல வரல. ‘இக்கெ வேட் யெய்’ (எனக்கென்ன தெரியும்) என்று அழுத்தத்துக்காக இக்கெயே முதலிடம் பிடிப்பதும் உண்டு. ‘சொன்னான்’ போன்ற வினைகளுக்குப் பின் வரும் துணைவாக்கியத்தில் சில நேரம் தலைமை வாக்கிய வரிசையும் கேட்கும்.

ஆனாலும் ‘இரண்டாம் இடம் வினைக்கு’ என்பதை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு இக்கெயை அறிமுகப்படுத்தலாம். இப்போதைய பாட வரிசை இதற்கு நேர்மாறு. விதியை ஒழுங்காக மனப்பாடம் செய்தவர்தான் துணைவாக்கியத்தில் மாட்டிக்கொள்கிறார். குறை அவர் ஞாபகத்தில் இல்லை, விதியில் இருக்கிறது.