ஒட்டுதலில் நேரும் பாடச்சிதைவு: ‘ஔவை’யை முன்வைத்து

ஏடெழுதியோரின் பிழைகளைப் பாடவேறுபாடுகளாக ஆராயும் நாம், கணினியில் ஒட்டுகையில் நேரும் பிழைகளைத் தட்டச்சுக் குறையெனக் கடந்துவிடுகிறோம். பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்தது. அதனை வடிவமைப்பின்றி வேறு செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளே எஞ்சும். இப்பிழை கண்ணுக்குப் புலப்படும். புலப்படாத பிழையே கொடிது.

பாமினியில் ஔகாரம் ‘ஒ’, ‘ள’ ஆகிய வடிவங்களின் கூட்டு. ஒருங்குறிக்கு மாற்றுகையில் ‘ஔவை’ பல வேளைகளில் ‘ஒளவை’ ஆகிவிடுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் கணினிக்கு வெவ்வேறு சொற்கள். தேடலில் ஒன்று அகப்பட, மற்றொன்று விடுபடும், சொல்லடைவு குறைபடும். கணினிவழி அலகிட்டால் தேமா புளிமாவாகும். யாப்பாய்வின் முடிவே இதனால் பிறழக்கூடும்.

எனவே, மின்பாடத்தை ஆதாரமாகக் கொள்ளும் ஆய்வேடுகள் குறியேற்றம் மாற்றிய முறையையும் அச்சுப் பதிப்போடு ஒப்புநோக்கிய விவரத்தையும் முன்னுரையில் பதிவுசெய்தல் வேண்டும்.