நல்ல பெட்டி எது? – கித்தார் ஸ்பீக்கர் பெட்டிகள் பற்றி ஒரு மதிப்பீடு

ஒலியியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தாம் கூறியது தவறு என்பதைத் தம் காதாலேயே கேட்டு உணரும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. எனக்கு அது கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன், மெல்லிசைக் குழு ஒன்றில் மின் கித்தார் வாசிக்கும் என் மாணவர் ஒருவர், தம் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்துகொள்ள யோசனை கேட்டார். நான் பாடநூல் முறைப்படியே கூறினேன்: தாழ்ந்த ஒலிகளுக்கு ஓர் ஊஃபர், உயர்ந்த ஒலிகளுக்கு ஒரு ட்வீட்டர், கணக்கிட்ட கன அளவுள்ள பெட்டி, முன்பக்கம் ஒரு காற்றுத் துளை. விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அவர் அதை அப்படியே செய்து முடித்தார். ஒலிப்பதிவுப் பாடல்கள் அதில் இனிமையாகவே கேட்டன. ஆனால் கித்தாரை இணைத்து, ஒலி சற்றே கரகரக்கும் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைத் திருகியபோது, தேன்கூட்டைக் கலைத்தாற்போன்ற இரைச்சல் எழுந்தது. “சார், கணக்கில் தப்பா, கித்தாரில் தப்பா?” என்று கேட்டார் அவர்.

கணக்கில் தவறில்லை, கித்தாரிலும் தவறில்லை. நான் எடுத்துக்கொண்ட இலக்கணம்தான் தவறு.

இலக்கணமும் அதன் எல்லையும்

ஸ்பீக்கர் பெட்டி பற்றிய அறிவியல் பெரும்பாலும் ஒலிப்பதிவுகளைக் கேட்பதற்காகவே வளர்ந்தது. இன்று நாம் காணும் இயங்கு சுருள் ஸ்பீக்கரின் அமைப்பை அமெரிக்காவின் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் விளக்கினர். 1954-இல் எட்கர் வில்சர், மூடிய பெட்டியின் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த ஒலியைப் பெறலாம் எனக் காட்டினார். 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீலும், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மாலும் பெட்டியின் கன அளவைக் கணக்கிடும் முறைகளை வகுத்தனர். இவர்கள் அனைவரும் நாடியது ஒன்றே: பெட்டி தன் பங்காக எதையும் சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஒலிப்பதிவுக்கு இது முற்றிலும் பொருந்தும். பதிவில் இருப்பது முடிந்துபோன இசை. ஆனால் மின் கித்தாரிலிருந்து கம்பி வழியே வருவது முடிந்த இசை அன்று. திண்மரத்தால் ஆன அதன் உடல் தானாக எழுப்பும் ஒலி மிகக் குறைவு. தந்தியின் அதிர்வு ஒரு காந்தச் சுருளில் மின்னோட்டமாகிறது, அவ்வளவே. அந்த மின்னோட்டத்துக்கு உடல் கொடுப்பவை ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பெட்டியும் ஆகும். வீணையின் குடம் தன் பங்காக எதையும் சேர்க்கக் கூடாது என்று யாரேனும் சொல்வார்களா? கித்தார் பெட்டியும் ஒரு குடமே. அது உண்மையாக ஒலிக்கிறதா என்பதன்று கேள்வி. நன்றாக ஒலிக்கிறதா என்பதே கேள்வி.

எண்களைக் காண்போம். ஆறு தந்திக் கித்தாரின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். 22 கட்டைகள் உள்ள கித்தாரில் மிக உயர்ந்த சுரம் ஏறத்தாழ 1175 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லை மீறித் திருகும்போது அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. அதனால் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் மேற்சுரங்கள் தோன்றுகின்றன. கித்தாருக்கென்றே செய்யப்படும் 12 அங்குல ஸ்பீக்கரோ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக வலுவிழக்கிறது. இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘கிரீன்பேக்’ ஸ்பீக்கருக்குக் குறிக்கப்பட்ட எல்லை 75 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையே. ஹைஃபை ஸ்பீக்கருக்கு இது பெருங்குறை. கித்தாருக்கோ இது ஒரு வடிகட்டி. என் மாணவரின் பெட்டியில் நான் சேர்க்கச் சொன்ன ட்வீட்டர், அந்த வடிகட்டியைக் கிழித்துவிட்டது.

திறந்த பெட்டி

கித்தார் பெட்டிகளில் இரண்டு மரபுகள் உண்டு. முதலாவது அமெரிக்க மரபு. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் செய்த ஆம்ப்ளிஃபயர்களில், ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும். பின்பக்கம் பாதியளவு திறந்திருக்கும். 1950-களில் வந்த, நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பேஸ்மேன், 1963-இல் வந்த, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட ட்வின் ரிவெர்ப் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னோக்கித் தள்ளும்போது, பின்பக்கத்தில் காற்று தளர்கிறது. ஆகவே பின் அலை, முன் அலைக்கு நேர் எதிரானது. பெட்டியைச் சுற்றி முன்பக்கம் வர அது 60 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்கிறது எனக் கொள்வோம். இந்தத் தொலைவு அரை அலைநீளமாக அமையும் அதிர்வெண்ணில், அதாவது 286 ஹெர்ட்ஸ் அளவில், இரு அலைகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். அலைநீளம் இத்தொலைவைப்போல் ஆறு மடங்கை மீறும்போது, அதாவது ஏறத்தாழ 95 ஹெர்ட்ஸுக்குக் கீழ், பின் அலை முன் அலையை அரிக்கத் தொடங்கும். கித்தாரின் கடைசிச் சுரம் 82 ஹெர்ட்ஸ் அல்லவா? ஆக, திறந்த பெட்டியில் தாழ்ந்த ஒலி மெலிகிறது. நடு ஒலிகள் துலங்குகின்றன. ஒலி பின்புறமும் பரவிச் சிறிய அரங்கை நிறைக்கிறது.

குறைகளும் உண்டு. சுவரை ஒட்டி வைத்தால் அதன் குணம் மாறிவிடும். கூம்பைத் தடுக்கப் பின்னால் காற்று மெத்தை இல்லாததால், தாழ்ந்த சுரங்களை மிக உரக்க வாசித்தால் கூம்பு எல்லை மீறி அசையும்.

மூடிய பெட்டி

இரண்டாவது ஆங்கில மரபு. இலண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய உதவியாளர்களும் 1962-இல் ஓர் ஆம்ப்ளிஃபயரைச் செய்தனர். அதன் மின்சுற்று ஃபெண்டர் பேஸ்மேனைத் தழுவியது. ஆனால் பெட்டி வேறு: நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள், பின்பக்கம் முற்றிலும் மூடியது. ஒலியும் வேறாயிற்று. பெட்டி மட்டுமே இதற்குக் காரணம் அன்று. ஸ்பீக்கர்களும் வால்வுகளும்கூட மாறியிருந்தன. எனினும் பெட்டியின் பங்கு பெரிது.

மூடிய பெட்டி ‘ஆழமான’ ஒலி தரும் என்பர். இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று கூடுதல் சுருள்வில்லாகி, ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு எண்ணை உயர்த்துகிறது. ஸ்பீக்கரின் சொந்த எண் 75 ஹெர்ட்ஸ் என்றும், காற்றின் விறைப்பு கூம்புத் தொங்கலின் விறைப்புக்குச் சமம் என்றும் கொண்டால், புதிய எண் 75-ஐ 1.41-ஆல் பெருக்க வரும் 106 ஹெர்ட்ஸ். அதாவது 82 ஹெர்ட்ஸ் சுரம் ஒத்ததிர்வுக்குக் கீழேயே விழுகிறது! பிறகு நெஞ்சில் இடிக்கும் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது? 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே எழும் மேட்டிலிருந்து. தாழ்ந்த சுரத்தின் முதல் மேற்சுரம், 164 ஹெர்ட்ஸ், தெளிவாகக் கேட்கிறது. விடுபட்ட அடிச்சுரத்தைக் காதும் மூளையும் தாமே நிரப்பிக்கொள்கின்றன. ஆழம் என நாம் புகழ்வது உண்மையில் ஒரு மேடுதான்.

இப்பெட்டியின் அளவைப் பற்றி எழுந்த கதைகள் பல. நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களை அடக்க வசதியான அளவு என்பதே காரணம் என்று மார்ஷலே கூறியிருக்கிறார். அந்த அளவில் மந்திரம் எதுவும் இல்லை. அதைச் செ.மீ. பிசகாமல் நகல் எடுக்க வேண்டிய கட்டாயமும் நமக்கு இல்லை. மேலும், அது முப்பது கிலோவுக்கு மேற்பட்ட சுமை என்பதைத் தூக்குபவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டுக்கும் பொதுவான குறை

12 அங்குல ஸ்பீக்கரின் இயங்கும் பகுதி ஏறத்தாழ 26 செ.மீ. விட்டமுடையது. 4000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 8.6 செ.மீ. மட்டுமே. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், நேர் அச்சிலிருந்து 24 பாகை விலகியதுமே அந்த ஒலி அநேகமாக மறைந்துவிடும். உயர்ந்த ஒலிகள் டார்ச் விளக்கின் ஒளிபோல் நேராகப் பாய்கின்றன. பெட்டி தரையில்; வாசிப்பவர் காது அதற்கு மேலே. “கூர்மை போதவில்லை” என்று அவர் திருகைக் கூட்டுகிறார். முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். பெட்டியைச் சாய்த்தோ, முக்காலியில் ஏற்றியோ வைத்தால், செலவின்றி இக்குறை தீரும்.

வாட் என்னும் மயக்கம்

“நூறு வாட் என்றால் ஐம்பது வாட்டைவிட இரு மடங்கு சத்தம்” என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை மாற்றி 100 டெசிபல் தருவதைப் பொருத்தினால், அதே பலன் கிடைத்துவிடும். ஆனால் கரகரக்கும்படி திருகிய ஆம்ப்ளிஃபயர், குறித்த அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வரை ஆற்றலை வெளியிடக் கூடும். ஆகவே ஸ்பீக்கர்கள் தாங்கும் மொத்த வாட், ஆம்ப்ளிஃபயரின் வாட்டைப்போல் இரு மடங்கு இருப்பது பாதுகாப்பு.

காதின் கணக்கும் ஒன்று உண்டு. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் எஞ்சுவது 15 நிமிடமே. ஸ்பீக்கரை மாற்றலாம், காதை மாற்ற இயலாது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

முதலில் மின்மறுப்பு. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். தொடர் இணைப்பில் 16 ஓம். ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் குறித்துள்ள எண்ணோடு இது பொருந்த வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் குறித்ததற்குக் குறைவான ஓம் ஆபத்து. வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்கலாகாது. அதன் வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகலாம். அணைத்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும் என்பதால், உள்ளே கை வைக்க வேண்டாம்.

பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் நன்று. மரத்தூள் அட்டை மலிவு. ஆனால் கனம் மிகுதி, மூலைகளில் திருகாணி பிடிக்காது. மூலைகளுக்கு உள்ளே சட்டம் வைத்துப் பசையும் திருகாணியும் சேர்த்து இறுக்குங்கள். மூடிய பெட்டியில் காற்று கசியக் கூடாது.

திறந்ததா, மூடியதா? இந்த வழக்கில் என் தீர்ப்பு: பின்பலகையை மூன்று துண்டுகளாக, கழற்றி மாட்டும்படி அமையுங்கள். கணக்கு வழி காட்டும். முடிவு செய்ய வேண்டியது காது.

என் மாணவரின் பெட்டியும் வீணாகவில்லை. ட்வீட்டரைக் கழற்றினோம்; காற்றுத் துளையை அடைத்தோம்; 12 அங்குலக் கித்தார் ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தினோம்; பின்பலகையை மூன்றாக அறுத்தோம். அதற்கான செலவில் பாதி என்னுடையது. தவறான யோசனைக்கு அது நியாயமான அபராதம். நடுத்துண்டை மட்டும் கழற்றிவிட்டு அவர் இன்றும் அதில் வாசிக்கிறார். நானோ ஒலியியல் வகுப்பில் இப்போது முதலில் கேட்பது, ‘இந்த விதி எதற்காக வகுக்கப்பட்டது?’ என்பதையே.