மென்பொருள் கருவிகளில் பொது அமைப்புகளும் தனி அமைப்புகளும்: ஒரு மதிப்பீடு

மென்பொருள் எழுத உதவும் கருவி ஒன்று எப்படி இயங்க வேண்டும் என்று பயனர் எழுதி வைக்கும் குறிப்புகள் அமைப்புகள் எனப்படும். பேச்சு வழக்கில் இவை செட்டிங்ஸ். ஒருவர் மட்டும் வேலை செய்யும்போது இவற்றால் பெரிய சிக்கல் இல்லை. பலர் சேர்ந்து ஒரே நிரலை எழுதும்போது, எந்த அமைப்பு எல்லோருக்கும் பொது, எது அவரவர்க்கு உரியது என்ற கேள்வி எழுகிறது. கிட், எடிட்டர்கான்ஃபிக், விஷுவல் ஸ்டூடியோ கோட் ஆகிய மூன்றும் இக்கேள்விக்குத் தந்துள்ள விடைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

அடுக்கு முறையும் அதன் குறையும்

பெரும்பாலான கருவிகள் அமைப்புகளை அடுக்கடுக்காக வைக்கின்றன. கணினி முழுவதற்கும் ஒன்று, பயனருக்கு ஒன்று, அந்தந்தத் திட்டத்துக்கு ஒன்று. ஒரே அமைப்பு இரண்டு அடுக்குகளில் வேறுவேறாக இருந்தால், செய்யும் வேலைக்கு நெருக்கமான அடுக்கில் உள்ளதே செல்லும்.

இவ்விதி எளிமையானது, ஆனால் போதுமானது அன்று. எந்தக் குறிப்பு அருகில் உள்ளது என்பதை மட்டுமே அது பார்க்கிறது. அக்குறிப்பு யாரைப் பாதிக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. ஓர் அமைப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய மூன்று கேள்விகள் உதவும்.

1. பிறர் கைக்குப் போகும் கோப்பை இது மாற்றுகிறதா? ஆம் எனில் பொதுவில் வைக்க வேண்டும்.
2. என் திரையில் தெரிவதை மட்டும் மாற்றுகிறதா? ஆம் எனில் அது என்னுடையது.
3. என் கணினியில் வேறொரு நிரலை இயக்குகிறதா? ஆம் எனில் என் சம்மதம் இன்றி இயங்கக் கூடாது.

கிட்

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட், மூன்றாம் கேள்விக்கு நல்ல விடை தருகிறது. ஒரு களஞ்சியத்தை நகலெடுக்கும்போது அதன் உள்ளமைவுக் கோப்பு நகலுடன் வருவதில்லை. அக்கோப்பில் கட்டளைகளை எழுதி வைக்க முடியும் என்பதால், அது வராமல் இருப்பதே பாதுகாப்பு. 2017இல் வந்த 2.13 பதிப்பு முதல், அலுவலகக் கோப்புறைக்கு ஒரு மின்னஞ்சல், சொந்த வேலைக்கு வேறொன்று எனப் பிரித்து வைக்கவும் முடிகிறது.

எந்தக் கோப்புகளைப் புறக்கணிப்பது என்பதிலும் தெளிவு உண்டு. எல்லோருக்கும் வேண்டாதவை கிட்இக்னோர் கோப்பில் எழுதப்படும்; அது பகிரப்படும். ஒருவருடைய எடிட்டர் உருவாக்கும் கோப்புகளுக்கு, பகிரப்படாத தனிப் பட்டியல் உண்டு. இது தெரியாமல் பலர் தம் எடிட்டரின் பெயரைப் பொதுப் பட்டியலில் சேர்த்து அதை நீளமாக்குகின்றனர்.

கிட் சறுக்குவது வரி முடிவில்தான். விண்டோஸும் லினக்ஸும் ஒரு வரி முடிவதை வேறுவேறு குறிகளால் காட்டுகின்றன. இதைக் கையாளும் ஆட்டோசிஆர்எல்எஃப் என்னும் அமைப்பு பயனரின் தனி அடுக்கில் வைக்கப்படுவது வழக்கம். ஆனால் அது பிறர் கைக்குப் போகும் கோப்பையே மாற்றக்கூடியது. ஒருவர் கணினியில் ஓடும் ஷெல் நிரல் மற்றவர் கணினியில் ஓடாமல் நிற்க இது ஒரு காரணம். முதல் கேள்வியின்படி இது பொதுவில் இருக்க வேண்டியது. களஞ்சியத்தோடு பகிரப்படும் கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பே இதற்குச் சரியான இடம்.

இதற்கு எதிர்மாறான எடுத்துக்காட்டு தமிழருக்கு நேரடியாகத் தொடர்புடையது. தமிழில் பெயரிட்ட கோப்பைக் கிட் இயல்பு நிலையில் \340\256 போன்ற எண்களாகக் காட்டும். கோட்பாத் என்னும் அமைப்பை அணைத்தால் பெயர் தமிழிலேயே தெரியும். இது திரையை மட்டும் மாற்றுவது. எனவே தனி அடுக்கில் வைக்கலாம், யாருக்கும் இடையூறு இல்லை.

எடிட்டர்கான்ஃபிக்

எழுத்துக் குறியாக்கம், உள்தள்ளல், வரி முடிவு போன்ற சில விதிகளை மட்டும் ஒரு சிறு கோப்பில் எழுதிப் பகிரும் முறை இது. எழுத்துருவையோ நிறத்தையோ இது தொடுவதில்லை. இந்தத் தன்னடக்கமே இதன் சிறப்பு. உள்தள்ளலுக்கு டேப் என்று மட்டும் எழுதி அகலத்தைச் சொல்லாமல் விட்டால், அகலத்தை அவரவர் எடிட்டர் முடிவு செய்யும். பார்வை குறைந்தவர்க்கு இது பேருதவி.

குறை இல்லாமல் இல்லை. வரி இறுதியில் உள்ள வெற்றிடங்களை நீக்கும் விதியை எல்லாக் கோப்புகளுக்கும் வைத்தால் மார்க்டவுன் ஆவணங்கள் கெடும். அங்கு இறுதியில் வரும் இரண்டு வெற்றிடங்களுக்கு வரி முறிவு என்று பொருள். அவ்வகைக் கோப்புகளுக்கு விலக்கு எழுத வேண்டும்.

விஷுவல் ஸ்டூடியோ கோட்

இந்த எடிட்டரில், திட்டக் கோப்புறையில் உள்ள அமைப்பு பயனரின் அமைப்பை வென்றுவிடும். எழுத்தின் அளவும் இதற்கு விலக்கு அன்று. கண் மங்கி வரும் இக்கட்டுரையாளர் எழுத்தைப் பெரிதாக்கியே படிப்பவர். தன்னார்வலர் குழு ஒன்றின் கோப்புறையைத் திறந்தபோது எழுத்து சட்டெனச் சிறிதானது. கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்றுகூடத் தோன்றியது. யாரோ ஒருவர் தமக்குப் பிடித்த அளவைப் பொதுக் கோப்பில் எழுதி வைத்திருந்தார் என்பது பிறகே தெரிந்தது. அந்த வரியை நீக்கினால் அது எல்லோருக்கும் போகும் மாற்றமாகும். நீக்காவிட்டால் படிக்க முடியாது. பகிரப்படாத தனிக்கோப்பு ஒன்று பொது அமைப்புக்கு மேலாகச் செல்ல வழி வேண்டும் எனப் பயனர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகின்றனர். கேட்பது நியாயமே.

மூன்றாம் கேள்விக்கு இக்கருவி பின்னர் விடை கண்டது. 2021 முதல், புதிய கோப்புறையைத் திறக்கும்போது அதை எழுதியவரை நம்புகிறீர்களா என்று கேட்கிறது. பலர் படிக்காமலே ஆம் என்று அழுத்திவிடுவது வேறு கதை.

மதிப்பீடு

பொது அமைப்புகள் தேவையே. அவை இல்லையெனில் ஒவ்வொருவரும் கோப்பை ஒவ்வொரு விதமாக மாற்றி அனுப்புவர். உண்மையான திருத்தம் எது என்றே தெரியாது. ஆனால் பொதுக் கோப்பு எவ்வளவு சிறிதாக உள்ளதோ அவ்வளவு நல்லது. கடவுச்சொல் அதில் ஒருபோதும் இருக்கக் கூடாது. பிறகு நீக்கினாலும் கிட்டின் வரலாற்றில் அது தங்கிவிடும்.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கால அட்டவணை. ஆனால் எழுத்து தெரியாத பிள்ளையை முன் வரிசைக்கு மாற்றி அமர்த்துவதால் அட்டவணை கெடுவதில்லை. பொது அமைப்பை எழுதுபவர், அடுத்தவர் கண்ணுக்கும் சேர்த்துத் தாமே முடிவு செய்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.