இடையில் நின்றவர்கள்
தமிழ் நூல்களில் குடும்பப் பகையும் சமரசமும்

வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது தெள்ளார். 9ஆம் நூற்றாண்டில் இங்கே பாண்டியப் படையை வென்றதால் மூன்றாம் நந்திவர்மனைக் கல்வெட்டுகள் 'தெள்ளாறெறிந்த' என்ற அடைமொழியோடு குறிக்கின்றன. அவன் மேல் எழுந்த நந்திக்கலம்பகமும் அந்த வெற்றியைப் பலமுறை போற்றுகிறது. ஆனால் ஊர் வாயில் நிலைத்தது வெற்றிக் கதையைவிட மரணக் கதைதான். அரசுரிமைப் பூசலில் தோற்றுப் போன மாற்றாந்தாய் மகன், அண்ணனைக் கொல்வதற்காகவே அறம் வைத்துக் கலம்பகம் பாடினானாம். சாவு வரும் என்று தெரிந்தும் தமிழின் சுவைக்காக நந்தி அதை முழுக்கக் கேட்டு, கடைசிப் பாட்டில் எரிந்து போனானாம்.

இந்தக் கதையை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. கலம்பகத்தின் ஆசிரியர் யாரென்பதும் தெரியவில்லை. ஆயினும் இதைக் கட்டிய மக்களின் அச்சம் உண்மையானது. எதிரிப் படையை வென்றவனைக் கூடப் பிறந்தவன் வென்றுவிடுகிறான். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே போய் நின்று பேச அந்தக் கதையில் ஒருவர்கூட இல்லை. தமிழ் நூல்கள் குடும்பத் தவறுகளைப் பற்றிச் சொல்வனவற்றை வரிசையாகப் படித்தால், அந்த நடு ஆளின் இடமே எல்லாவற்றையும் தீர்மானிப்பது தெரியும்.

உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றிலிருந்து தொடங்கலாம். மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகன், மனைவி கண்ணகியைக் கைவிட்டான். 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் அவளுக்காகப் பேசுகிறார்கள். பரிசில் வாங்க வரும் புலவர்களில் சிலர் வேறு பரிசில் வேண்டாம் என்கிறார்கள். இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதே தாம் கேட்கும் கொடை என்கிறார் பரணர். நால்வரில் ஒருவரும் கண்ணகியிடம் போய்ப் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. தவறு செய்தவன் அரசன்; அவனை அண்டி வாழ்பவர்கள் புலவர்கள். இருந்தும் பேச்சு முழுவதும் அவனை நோக்கியே போகிறது.

சோழர் குடிக்குள் நடந்த பகையிலும் இதே முறைதான். நலங்கிள்ளி முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தான். புலவர் கோவூர்கிழார் உள்ளே கேட்கும் பட்டினிக் குரலை அவனுக்கே எடுத்துச் சொல்லி, அறம் என்றால் கோட்டையைக் கொடு, மறம் என்றால் வெளியே வந்து போரிடு என்றார். பின்னர் உறையூர் முற்றுகையில் இருவரையும் சேர்த்தே கடிந்தார். இருவர் சூடியதும் ஒரே ஆத்திமாலை. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்பது அவர் வாதம். தன் புதல்வர் மேல் படையெடுக்கக் கிளம்பிய கோப்பெருஞ்சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். நீ இறந்தபின் இந்த நாடு யாருக்குப் போகும் என்று அவர் கேட்ட பிறகு போர் நடக்கவில்லை. சோழன் வடக்கிருந்து உயிர் விட்டான். போர் நின்றாலும் தந்தையும் மக்களும் கூடினார்கள் என்று எந்தப் பாடலும் சொல்லவில்லை. இடைநின்றவர் கொலையைத் தடுக்கலாம்; உறவைத் திருப்பித் தருவது அவர் கையில் மட்டும் இல்லை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் இடைநிற்கும் பொறுப்பு இறைவனுக்கே வருகிறது. திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கும்போது திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார் சுந்தரர். பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் செய்த சூளுறவையும் மீறினார். கண்பார்வை போயிற்று. பார்வை திரும்பியபின்தான் பரவையாரிடம் சிவன் தூது போகிறார். அர்ச்சகர் வேடத்தில் போன முதல் தூதை அந்த அம்மையார் மறுத்துவிடுகிறார். சிவனே தம் வடிவில் மறுபடி நடந்து வந்த பிறகுதான் கதவு திறக்கிறது. தவறுக்கு விலை கொடுத்தாயிற்று; அதற்குப் பிறகும் மறுக்கும் உரிமை பரவையாருக்கு இருக்கிறது. இவ்விரண்டையும் விடாமல் காட்டுவதே சேக்கிழாரின் பெருமை.

தெள்ளாரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இந்த நூல்களையெல்லாம்விட நெருக்கமானது பாரதம். ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி என்று அது நடக்கிறது. புரிசை இந்தக் கூத்துக்குப் பேர்பெற்ற ஊர். பங்காளிச் சண்டையில் பிறந்து களத்தில் முடியும் கதையை இத்தனை நாள் ஊர்கூடிக் கேட்பது சும்மா இல்லை. நிலத்துக்கும் பாகத்துக்கும் சண்டையிடும் குடும்பங்கள்தாம் எதிரே உட்கார்ந்திருக்கின்றன.

'பகடை துகில்' இரவில் சபை நிறையப் பெரியவர்கள் இருக்கிறார்கள். பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார். திரௌபதிக்காக வாய் திறந்து வாதாடியவர்கள் விதுரரும் கௌரவர்களில் விகர்ணனும்தான். 'கிருஷ்ணன் தூது' வரும்போது காலம் கடந்துவிட்டது. ஐந்து வீடுகூடக் கிடைக்கவில்லை. 'கர்ண மோட்சம்' இன்னும் கொடியது. பெற்ற மகனை மகன் என்று சொல்லாமல் மறைத்த குந்தி, அவன் விழுந்த பிறகு களத்தில் வந்து ஊரறிய அழுகிறாள். பாண்டவர்கள் அண்ணனை அடையாளம் காண்பது அவனைக் கொன்ற பிறகு. உண்மை உரிய நேரத்தில் சொல்லப்படாததால் ஒப்பாரிதான் மிஞ்சுகிறது.

வில்லிபுத்தூராரின் பாரதம் பத்துப் பருவங்களோடு, சௌப்திக பருவத்தில் முடிகிறது. போருக்குப் பிந்தைய துக்கமும், மக்களை இழந்த திருதராட்டிரனோடு பாண்டவர்கள் வாழ்ந்த காலமும் அதில் இல்லை. எஞ்சிய பருவங்களை 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை பாடி நிறைவு செய்தார். கூத்து மரபோ படுகளத்து அழுகையைத் தன் வழியில் வளர்த்துக்கொண்டது.

ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988லும் 1991லும் வெளியிட்ட தொகுதிகள், ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் 1990ஆம் ஆண்டுத் தெருக்கூத்து நூல் ஆகியவை இத்துறையின் அடிப்படை. சடங்கும் புராணமும் நாடகமும் அவற்றில் நன்றாக ஆராயப்பட்டுள்ளன. இந்தப் பொருளைச் சங்கப் புலவர்களின் சமரசப் பாடல்களோடும் பெரிய புராணத்தோடும் சேர்த்து, குடும்ப நீதி என்ற கோணத்தில் படிக்கும் வேலையும் நடக்க வேண்டும்.

அந்தப் படிப்பு நம் வீடுகளுக்கும் வேண்டும். அடிபட்ட மருமகளிடம் 'அனுசரித்துப் போம்மா' என்கிறோம். பாகம் மறுக்கப்பட்ட தங்கையிடம் 'அண்ணன்தானே, விட்டுக்கொடு' என்கிறோம். இதற்குச் சமாதானம் என்று பேர் வைத்து, மரபையும் துணைக்கு அழைக்கிறோம். மரபு அப்படிச் சொல்லவில்லை. வலியவனிடம் போய் அவன் செய்ததை அவன் முகத்துக்கு நேரே சொல், காலம் கடக்குமுன் சொல், அதன் பிறகும் மன்னிப்பதா என்று முடிவு செய்வதைத் துன்பப்பட்டவரிடமே விட்டுவிடு என்றுதான் சொல்கிறது. பேகனிடம் நேரே பேசிய நால்வரின் துணிவு இருக்கிறவர்களுக்கே ஒரு குடும்பத்தின் நடுவே நின்று பேசும் தகுதி உண்டு.