ருமானா ஹுசேனின் கடைசி அறை

பெங்களூரில் 1952இல் பிறந்த சித்திரக்காரி ருமானா ஹுசேன், மார்புப் புற்றுநோயோடு வாழ்ந்து 1999இல் மறைந்தார். 1992இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டபின் தூரிகையை விட்டு, தம் உடலையே கலைக்குக் கருவியாக்கியவர் அவர். ‘ஆறுதற்கோர் இடம்’ எனப் பொருள்படும் அவரது இறுதிப் படைப்பு அவ்வாண்டே பிரிஸ்பேனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. யான் கண்டது நிழற்படத்திலேதான். செந்நிற அறை, தரையிலே நோயாளியின் படுக்கையோ, தொழுகை விரிப்போ என்று ஐயுறும் துணிகள், சுவரிலே எழுத்தைப்போல் இரும்புக் கருவிகள். நோயாளியின் உருவம் மாத்திரம் அங்கில்லை; நோயோ ஒளிக்கப்படவில்லை. இரக்கம் யாசிக்காத அந்தத் துணிவினாலேயே, உடலைக் காட்டிய அவருடைய முந்திய நிகழ்ச்சிகளினும் இதனை மேலாக மதிக்கின்றேன்.

பீடோங்கை அடுத்த எங்கள் தோட்டத்து லயத்தில், மார்புக் கட்டியை முந்தானையால் மூடி, கணவனிடமும் சொல்ல நாணி மாண்ட ஒரு தாயை யானறிவேன். செக்ரோலிலே அவர் பெயரை அடித்தவன் இந்தக் கிராணிதான்.